கோபுர தரிசனம் கோடி பைட்டு

மதுரையில் நான் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும் ஆடிட்டர் ஆபீசில் ஆட்கள் இங்கே, டேலியும் எக்செலும் சென்னையில். வாடகைக்கு எடுத்த ஒரே சர்வர். பன்னிரண்டு பேர் ரிமோட் டெஸ்க்டாப்பில் நுழைந்து வேலை பார்க்கிறார்கள். எல்லோருக்கும் சேர்த்து ஒரே பிராட்பேண்ட்.

சர்வர் ஸ்லோ என்றால் ஆடிட்டருக்குத் தெரிந்த வைத்தியம் ராம் கூட்டுவது. சும்மா சொல்லக்கூடாது, ஆளுக்கொரு செஷன் ஓடும் இடத்தில் ராம் வேண்டும்தான். ஆனால் எங்கள் வியாதி வயிற்றில் இல்லை, முகத்தில்.

1920க்கு 1080 திரை ஒன்றை, புள்ளிக்கு 4 பைட் வீதம் அப்படியே அனுப்பினால் 83 லட்சம் பைட். நொடிக்கு 30 தடவை என்றால் கிட்டத்தட்ட 25 கோடி. அதனால் சர்வர் கெட்டிக்காரத்தனமாக, மாறிய இடத்தை மட்டும் சுருக்கி அனுப்புகிறது. ஒரே நிறமாக இருக்கும் இடம் நன்றாகச் சுருங்கும். சுருங்க மறுப்பது போட்டோ.

எங்கள் சீனியர் அக்காவின் திரையில் மீனாட்சி அம்மன் கோயில் தெற்குக் கோபுரம். ஆயிரத்துக்கும் மேற்பட்ட சுதைச் சிற்பங்கள், அத்தனையும் வர்ணம். படத்தைச் சுருக்கும் மென்பொருளைப் பழிவாங்கவே கட்டியது போலிருக்கும். அதோடு அக்காவுக்கு ஒரு பழக்கம்: வவுச்சர் பத்து முடிந்தால், டேலியை ஓரமாக இழுத்துவிட்டு ஒரு தரிசனம். இழுக்க இழுக்க, விலகிய இடத்திலெல்லாம் கோபுரம் நிலை நிலையாகச் சென்னையிலிருந்து புறப்பட்டு வரும். ஒருமுறை வந்த படத்தைச் சேமித்துவைக்கும் கேஷ் ஓரளவு காப்பாற்றும். அக்காவின் பக்திக்கு அது போதாது.

“அக்கா, வால்பேப்பரை எடுத்துடவா?”

“அம்மனையா எடுக்கச் சொல்றே?”

“படத்தைத்தான்க்கா.”

“மொதல்ல அந்தத் தம்பியோட பைக்கை எடு.”

தம்பியிடம் போனால் வால்பேப்பரில் இருந்த பைக்கைக் கழற்றச் சம்மதித்தான், ஸ்கிரீன் சேவரை விடமாட்டேன் என்றான். இவன் டீக்கடையில் நிற்கும் நேரத்தில், சென்னையில் ஒரு பிராசசர் மெனக்கெட்டுச் சோப்புக்குமிழி ஊதி, அதை மதுரைக்கு அனுப்பியும் வைக்கும். பார்க்க ஆளில்லாத படம் ஹவுஸ்ஃபுல்லாக ஓடுவது எங்கள் ஆபீசில் மட்டும்தான்.

திரையை எட்டிப் பார்ப்பதற்கு இவ்வளவு ஆடம்பரம் தேவையில்லை. 1991இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணினிக்கூடத்தில், காபிப் பாத்திரத்தில் காபி மிச்சமிருக்கிறதா என்று இருந்த இடத்திலிருந்தே பார்க்கக் கேமரா வைத்தார்கள். 128க்கு 128 புள்ளி, வெறும் சாம்பல் நிறம். அதில் வேலை செய்த குவென்டின் ஸ்டாஃபோர்ட்-ஃப்ரேசர் பிற்பாடு, தூரத்துக் கணினியைத் திரையோடு இழுத்து வரும் விஎன்சியை உருவாக்கிய குழுவிலும் இருந்தார். காபி விஷயத்தில் காட்டிய சிக்கனத்தை எங்கள் ஆட்கள் கோபுர விஷயத்தில் காட்டுவதாக இல்லை.

கடைசியில் யாரையும் கேட்காமல் சர்வரிலேயே வால்பேப்பர், ஸ்கிரீன் சேவர், மெனு வழுக்கி இறங்கும் அழகு எல்லாவற்றையும் நிறுத்தினேன். லாகின் செய்யும்போது ஒவ்வொருவர் பின்னாலும் ஊர்வலமாக வந்த பிரிண்டர்களையும் தடுத்தேன். அதில் பாதி எப்போதோ காயலான் கடைக்குப் போனவை. டேலி பறந்தது. அக்கா இரண்டு நாள் பேசவில்லை. அப்புறம் காலண்டரிலிருந்து அம்மனை வெட்டி மானிட்டர் ஓரத்தில் ஒட்டிக்கொண்டார்.

மிச்சம் ஒரே புகார், டல்லாஸில் இருக்கும் ஆடிட்டர் மகனிடமிருந்து. ஒரு எழுத்தைத் தட்டினால் அது யோசித்துவிட்டுத்தான் வருகிறதாம். ரிமோட் டெஸ்க்டாப் பேசும் மொழியான ஆர்டிபி, 2012 முதல் யுடிபி வழியாகவும் போகும்; லைன் மோசமாக இருந்தால் அது கைகொடுக்கும். அதையும் திறந்துவிட்டேன். தூரத்தை என்ன செய்ய? சென்னையிலிருந்து கிட்டத்தட்ட 15,000 கிலோமீட்டர். கண்ணாடி இழையில் வெளிச்சம் நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர்தான் ஓடும். நேர்கோட்டில் போய்த் திரும்பினாலே சுமார் 150 மில்லிசெகண்ட். கேபிளோ கடலுக்கடியில் ஊரைச் சுற்றி வருகிறது.

ஆடிட்டரிடம் பொறுமையாக விளக்கினேன். “சார், வெளிச்சத்தோட ஸ்பீடே அவ்வளவுதான்.”

“அது இப்ப நாம வச்சிருக்கிற பிளான்ல. அடுத்த பிளான் என்ன ரேட்டுன்னு கேளுங்க.”