யானைக்குத் தடை

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்புக்குள் யானை நுழையக் கூடாது என்று பொதுக்குழுவில் தீர்மானம் போட்டு, லேமினேட் செய்து, லிஃப்டுக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறோம். தீர்மானத்தில் ‘வணிக வாகனங்கள்’ என்று கௌரவமாகத்தான் எழுதியிருக்கிறது. ஆனால் தீர்மானம் போட்ட சமயத்தில் வளாகத்தில் நிறுத்தப்பட்டுவந்த ஒரே வணிக வாகனம், ஜி-1 வீட்டுக்காரரின் டாடா ஏஸ். 2005-ல் சந்தைக்கு வந்து, தமிழ்நாடு முழுக்கக் குட்டி யானை என்று பெயர் வாங்கிவிட்ட அதே வண்டி.

அவருக்குக் கோயம்பேடு மார்க்கெட்டில் காய்கறி ஏற்றி மடிப்பாக்கம், நங்கநல்லூர் பக்கத்துக் கடைகளில் இறக்குகிற தொழில். எங்களைப் போலவே வங்கிக் கடனில் ஃப்ளாட் வாங்கியவர். எங்களைப் போல இல்லாமல், மெயின்டனன்ஸ் பணத்தை ஐந்தாம் தேதிக்குள் கட்டிவிடுகிறவர். கார் பார்க்கிங்குக்கும் பில்டரிடம் தனியாகப் பணம் கொடுத்து, இரண்டு தூண்களுக்கு நடுவே ஓர் இடம் வாங்கி வைத்திருந்தார்.

புகார் சொன்னவர்கள் பக்கம் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். ரிவர்ஸ் எடுத்தால் அந்த வண்டி பாட்டுப் பாடும். பகலில் அது பாட்டு. நடு ராத்திரி இரண்டரை மணிக்கு ஸ்டில்ட்டில் எதிரொலித்து மூன்றாவது மாடிக்கு வரும்போது அதற்கு வேறு பெயர். என் அம்மா விடிந்துவிட்டது என்று நினைத்து எழுந்து, பால் பாக்கெட்டைத் தேடிக் கதவைத் திறந்திருக்கிறார். விஷயத்தைச் சொன்னதும் ஜி-1 வீட்டுக்காரர் “சரிங்க சார்” என்று அன்றைக்கே அந்த ஒயரைப் பிடுங்கிவிட்டார். அடுத்து, கோஸ் இலை கிடக்கிறது என்றார்கள். அவரே துடைப்பம் எடுத்துப் பெருக்க ஆரம்பித்தார். அவர் பெருக்கிய இடம் எங்கள் ஹவுஸ்கீப்பிங் பெருக்கிய இடத்தைவிடச் சுத்தமாக இருந்ததால் அது ஒரு தனிப் புகாராக வந்தது.

இதற்கெல்லாம் பிறகுதான் அசல் புகார் வெளியே வந்தது. பார்க்க நன்றாக இல்லை.

“பொண்ணு பார்க்க வர்றவங்க கண்ணுல முதல்ல படறது பார்க்கிங்தான்” என்றார் பி-4 மேடம். ரீசேல் வேல்யூ அடிபடும் என்றார் சி-2 சார். அவர் ஃப்ளாட்டை விற்கும் உத்தேசத்தில் இல்லை. ஆனாலும் தினமும் காலையில் வாக்கிங் போகும்போது அதன் விலையை மனதுக்குள் ஒருமுறை ஏற்றிப் பார்க்காவிட்டால் அவருக்குப் பொழுது விடியாது.

இத்தனைக்கும் அந்த வண்டி ஏற்றாத பீரோ எங்கள் கட்டடத்தில் கிடையாது. பி-4 மேடத்தின் கொலுப்படி, சி-2 சாரின் பழைய ஃபிரிட்ஜ், செக்ரட்டரியின் மகள் தனிக்குடித்தனம் போனபோது கூடவே போன சோபா, கட்டில், கிரைண்டர் எல்லாம் அதில்தான் போயின. “தம்பி, டீசலுக்கு மட்டும் வாங்கிக்கப்பா” என்று சொல்லிவிட்டு, அதையும் கொடுக்க மறந்தவர்கள் உண்டு.

பொதுக்குழு மொட்டை மாடியில் கூடியது. வணிக வாகனத்தை எப்படி அடையாளம் காண்பது என்பது முதல் கேள்வி. மஞ்சள் போர்டு, கறுப்பு எழுத்து என்றார் செக்ரட்டரி. ஏ-3 பையன் எழுந்து, சனி ஞாயிறுகளில் மகாபலிபுரம் போகத் தான் எடுத்துவரும் செல்ஃப் டிரைவ் காரில் கறுப்பு போர்டு, மஞ்சள் எழுத்து, அது எதில் சேர்த்தி என்றான். மின்சாரக் கார்கள் எல்லாவற்றுக்கும் பச்சை போர்டு. சொந்த வண்டிக்கு வெள்ளை எழுத்து, வாடகை வண்டிக்கு மஞ்சள் எழுத்து. டி-2 சாரின் மருமகனுக்குக் கம்பெனி அனுப்பும் கார் பச்சையில் மஞ்சள். அரை மணி நேரம் வண்ணங்களை விவாதித்தோம். “பச்சை சுற்றுச்சூழலுக்கு நல்லது சார்” என்று யாரோ சொல்ல, அது விடுபட்டது. கறுப்பு போர்டு பையன் ஐ.டி.யில் இருப்பதால் அதுவும் விடுபட்டது.

அடுத்து, ஓய்வு பெற்ற பொதுப்பணித் துறை இன்ஜினியர் டேப்பை எடுத்தார். அவர் டேப் இல்லாமல் கல்யாணத்துக்குக்கூடப் போவதில்லை. டாடா ஏஸ் நீளம் 3.8 மீட்டர், அகலம் 1.5 மீட்டர். செக்ரட்டரியின் இன்னோவா கிரிஸ்டா நீளம் 4.735 மீட்டர், அகலம் 1.83 மீட்டர். “இடத்தை அடைக்குதுன்னா, முதல்ல உங்க வண்டியைத்தான் வெளியே எடுக்கணும்” என்றார். இன்னோவாவின் பின்புறம் மஞ்சள் கோட்டைத் தாண்டி நடைபாதையில் நீட்டிக்கொண்டிருப்பது எல்லோருக்கும் தெரியும். அதில் முழங்கால் இடித்துக்கொள்ளாதவர்கள் குறைவு.

“அது ஃபேமிலி கார் சார்” என்றார் செக்ரட்டரி.

இ-1 வக்கீல் அதுவரை வேர்க்கடலை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஸ்டில்ட் பார்க்கிங் என்பது எல்லோருக்கும் பொதுவான இடம், அதை பில்டர் தனியாக விற்க முடியாது என்று 2010-ல் ஒரு மும்பை வழக்கில் சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கிறது, அதையும் பேசலாமா என்று கேட்டார். பார்க்கிங்குக்கென்று தனியாக லட்சங்களைக் கொடுத்து, ரசீதைப் பீரோவில் வைத்திருக்கும் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தார்கள். “இதை மினிட்ஸ்ல ஏத்த வேண்டாம்” என்ற ஒன்றுதான் அன்று ஏகமனதாக நிறைவேறியது. அந்தப் பதற்றத்திலேயே, பேச்சை முடிக்க வேண்டுமே என்று, யானைத் தீர்மானத்துக்கும் கையைத் தூக்கிவிட்டார்கள். ஜி-1 மட்டும் தூக்கவில்லை. அவர் வரவே இல்லை. கோயம்பேட்டில் தக்காளி இறங்கிக்கொண்டிருந்த நேரம்.

மறுநாளிலிருந்து வண்டி கேட்டுக்கு எதிரே தெருவில் நின்றது. எங்கள் தெரு அகலமான தெரு அல்ல. ஏஸ் அங்கே நின்றால் இன்னோவா கேட்டை விட்டுத் திரும்ப முடியாது. காலை எட்டரைக்கு செக்ரட்டரி போன் செய்வார். கோயம்பேட்டிலிருந்து திரும்பி, சுமை இறக்கி, அப்போதுதான் கண்ணயர்ந்தவர் லுங்கியோடு ஓடிவந்து வண்டியை நகர்த்துவார். “இதெல்லாம் முன்னாடியே யோசிச்சிருக்கணும் தம்பி” என்று செக்ரட்டரி கண்ணாடியை இறக்கிச் சொல்லிவிட்டுப் போவார். எதை, யார் யோசித்திருக்க வேண்டும் என்று அவர் சொன்னதில்லை.

2024 அக்டோபரில் ரெட் அலர்ட் வந்தது. வேளச்சேரிக்காரர்களான எங்களுக்கு மழை என்றால் முதலில் ஞாபகம் வருவது குடை அல்ல, கார்களை ஏற்றி நிறுத்தும் மேம்பாலம். அன்று ராத்திரி வீடு வீடாக பெல் அடித்து, “சார், பாலத்துல இடம் போயிட்டிருக்கு, சீக்கிரம் எடுங்க” என்று எழுப்பியவர் ஜி-1. மார்க்கெட் போகிறவருக்கு ஊர் நிலவரம் முதலில் தெரியும். அவர் ஏஸைக் குறுக்கே நிறுத்தி இடம் பிடித்து வைத்திருக்க, எங்கள் கார்கள் ஒவ்வொன்றாகப் பாலத்தின் ஓரத்தில் வரிசை கட்டின. இன்னோவாவுக்கும் பி-4 மேடத்தின் ஸ்விஃப்டுக்கும் நடுவே குட்டி யானை நின்றது. பொண்ணு பார்க்க வருகிறவர்கள் யாரும் அந்தப் பக்கம் வரவில்லை. மழையும் சொன்ன அளவுக்கு வரவில்லை.

அதன் பிறகு செக்ரட்டரிக்கே மனசு இளகிவிட்டது. ஆனால் தீர்மானத்தைத் தீர்மானத்தால்தான் ரத்து செய்ய முடியும். அதற்குப் பொதுக்குழு வேண்டும், பொதுக்குழுவுக்குக் கோரம் வேண்டும். கூட்டுகிற ஒவ்வொரு தடவையும் வேர்க்கடலை வருகிறது, கோரம் வருவதில்லை. வக்கீல்தான் வழி சொன்னார். குடியிருப்போரின் வணிக வாகனங்களுக்குத்தான் தடை. விசிட்டர் வண்டிகளைப் பற்றித் தீர்மானத்தில் ஒரு வார்த்தை கிடையாது.

இப்போது ஜி-1-ன் வண்டி விசிட்டர் பார்க்கிங்கில் நிற்கிறது. விசிட்டர்கள் ஜி-1-ன் இடத்தில் நிறுத்துகிறார்கள். வாட்ச்மேன் சட்டத்தை மதிக்கிறவர். தினமும் வண்டி உள்ளே வரும்போது நோட்டை நீட்டிவிடுகிறார். ஜி-1-ம் சளைக்காமல் எல்லாக் கட்டங்களையும் நிரப்புகிறார். யாரைப் பார்க்க: ஜி-1. வந்த காரணம்: தூங்க.