கப்பற்பதிவியல்: ஐந்து நூற்பாக்களும் அவற்றின் உரையும்

பாயிரம்

சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் சொகுசுக் கப்பலில் மூன்று இரவு போய்வருவதென்று சென்னைக் குடும்பம் ஒன்று முடிவெடுத்தால், அன்று மாலையே வீடு இரண்டு கட்சியாகிவிடும். “தெரிஞ்ச ஏஜென்ட் இருக்காரு, அவர்கிட்ட விட்டுடலாம்” என்பது ஒன்று. “எதுக்கு நடுவுல ஒருத்தன்? நாமளே ஆன்லைன்ல போட்டா பத்தாயிரம் மிச்சம்” என்பது மற்றது. ஊர் திரும்பி, துணி துவைத்துக் காயப்போட்ட பிறகும் இந்த வழக்கு தீர்வதில்லை. இதற்கொரு இலக்கணம் தமிழில் இல்லாத குறை நீங்க இந்நூல் செய்யப்பட்டது. நூற்பா இயற்றியவரும் உரை வகுத்தவரும் ஒருவரே. ஆகவே இருவருக்கும் கருத்து வேறுபாடு இராது. இருப்பின் அது அச்சுப்பிழை எனக் கொள்க.

நூற்பா 1

பூனைவழி குரங்குவழி எனவிரு வழியே
கடல்செலப் பதிவோர் கைக்கொளும் நெறியே.

இச்சூத்திரம் என்னுதலிற்றோ எனின், பயணிகளின் வகை உணர்த்துதல் நுதலிற்று. வைணவத்தில் இறையருளை விளக்கத் தென்கலையார் பூனைக்குட்டியையும் வடகலையார் குரங்குக்குட்டியையும் காட்டுவர். பூனைக்குட்டியைத் தாய் கவ்விக்கொண்டு போகும். குட்டிக்கு ஒரு வேலையும் இல்லை. குரங்குக்குட்டியோ தாயின் வயிற்றைத் தானே இறுகப் பற்றியாக வேண்டும். பாஸ்போர்ட் நகலையும் முன்பணத்தையும் ஏஜென்ட்டிடம் கொடுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்குபவர் பூனைமரபினர். நள்ளிரவில் கப்பல் கம்பெனியின் இணையதளத்தைத் திறந்துவைத்து, ஓடிபி வருவதற்குள் பிடித்த அறை போய்விடுமோ என்று வியர்ப்பவர் குரங்குமரபினர்.

பூனைமரபின் ஆதி ஆசாரியர் தாமஸ் குக். 1841 ஜூலை 5 அன்று சுமார் 500 பேரை ஆளுக்கு ஒரு ஷில்லிங் கட்டணத்தில் லெஸ்டரிலிருந்து லஃபரோவுக்கு ரயிலில் கூட்டிப்போனார். போனது மதுவிலக்குக் கூட்டத்துக்கு. இன்றைய ஏஜென்ட்டுகள் கப்பல் சீட்டோடு மது பேக்கேஜையும் சேர்த்து விற்பது மரபு வளர்ச்சி எனப்படும். அவர் பெயரில் நடந்த பிரிட்டிஷ் கம்பெனி 2019 செப்டம்பர் 23 அன்று மூடப்பட்டது. (இந்தியாவில் அதே பெயரில் இருப்பது வேறு நிறுவனம்.) வெளிநாடுகளில் மாட்டிக்கொண்ட ஏறக்குறைய ஒன்றரை லட்சம் பேரை பிரிட்டிஷ் அரசே விமானம் ஏற்பாடு செய்து அழைத்துவந்தது. தாய் மடிந்தாலும் கவ்வுதல் நிற்பதில்லை என்று பூனைமரபினர் இதை இன்றும் மேற்கோள் காட்டுவர்.

நூற்பா 2

யார்வழிச் செலினும் விலைவே றன்றே.

இது விலையின் இயல்பு உணர்த்திற்று. ஏஜென்ட்டின் கமிஷனைக் கொடுப்பது கப்பல் கம்பெனி. பொதுவாக அடிப்படைக் கட்டணத்தில் 10 முதல் 16 விழுக்காடு வரை. துறைமுகக் கட்டணத்துக்கும் வரிக்கும் கமிஷன் கிடையாது. ஏஜென்ட்டை ஒதுக்கினால் அந்தப் பணம் நம் பைக்கு வரும் என்பது குரங்குமரபின் முதல் நம்பிக்கை. வராது. அது கம்பெனியிடமே தங்கிவிடும். இணையதளத்திலும் ஏஜென்ட்டிடமும் பெரும்பாலும் ஒரே விலைதான்.

அற்றேல், விமானக் கம்பெனிகள் கமிஷனை ஒழித்தனவே எனின், ஒழித்தன. அமெரிக்காவின் டெல்டா 1995இல் உச்சவரம்பு வைத்தது. 2002இல் அடிப்படைக் கமிஷனையே நிறுத்தியது. மற்ற பெரிய கம்பெனிகளும் அதே வழியில் போயின. கப்பல்காரர்கள் அப்படிச் செய்யவில்லை. விமானத்தில் ஜன்னலா நடுவா என்பதோடு கேள்வி முடிகிறது. கப்பலில் அங்கேதான் தொடங்குகிறது.

அற்றேல், எதிர்வீட்டுக்காரர் ஏஜென்ட் வழியாகக் குறைத்து வாங்கினாரே எனின், அது குழு விலை. எட்டு அறை, 16 பேர் என்ற கணக்கில் ஏஜென்ட் முன்கூட்டியே அறைகளைப் பிடித்துவைத்து, கிடைத்த சலுகையைப் பங்கு வைப்பதுண்டு. விலையைக் குறைக்க முடியாத இடத்தில் கப்பலில் செலவழிக்கக் கொஞ்சம் பணம், ஒரு வேளை ஸ்பெஷல் சாப்பாடு என்று இனாம் கொடுப்பதும் உண்டு. இது நமக்குப் புதிதன்று. 1906இல் வ.உ.சி. சுதேசி கப்பல் கம்பெனியைத் தொடங்கியபோது, தூத்துக்குடி–கொழும்பு வழியில் போட்டிபோட்ட பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே வந்து, கடைசியில் இலவசமாக ஏற்றிப்போய்க் கையில் ஒரு குடையும் தருவதாகச் சொன்னது என்பர். இன்றைய இலவச வைஃபை அக்குடையின் வழித்தோன்றல்.

ஒரு விலக்கு: வெளிநாட்டுச் சுற்றுலாவைப் பேக்கேஜாக விற்கும் இந்திய ஏஜென்ட் 2020 அக்டோபர் 1 முதல் டி.சி.எஸ். என்னும் வரியைப் பிடித்தாக வேண்டும். வருமான வரிக் கணக்கில் இதைத் திரும்பப் பெறலாம். ஆயினும் பெறும்வரை குரங்குமரபினர் சிரித்துக்கொண்டிருப்பர்.

நூற்பா 3

அறைக்குமேல் யாதென அறிதல் தலையே.

இது ஏஜென்ட்டின் அறிவு உணர்த்திற்று. உள் அறை, கடல் பார்த்த ஜன்னல் அறை, பால்கனி அறை என்ற பாகுபாடு எல்லாருக்கும் தெரியும். தெரியாதது தலைக்கு மேல் உள்ளது. கள ஆய்வின்போது தியாகராய நகரின் ஒரு மாடி அலுவலகத்தில் கேட்டது:

“இந்த ரூம் கம்மியா இருக்கே, இதையே போட்டுடுங்களேன்.”

“வேணாம் சார்.” ஏஜென்ட் தள வரைபடத்தைப் பக்கத்தில் இழுத்துவைத்துப் பேனா மூடியால் தட்டுகிறார். “இதுக்கு நேர் மேல நீச்சல் குளம். விடியக்காலைல சாய்வு நாற்காலிய எல்லாம் தரதரன்னு இழுத்து வரிசையா போடுவான். உங்க தலைமேல இழுக்கற மாதிரியே இருக்கும். மேலயும் ரூம், கீழயும் ரூம், அப்படித்தான் எடுக்கணும். அம்மாவுக்குக் குமட்டும்னா நடுவுல, கீழ்த்தளத்துல எடுங்க. ஆட்டம் கம்மி.”

இந்த வரைபடம் இணையதளத்திலும் இருக்கிறது. குரங்குமரபினர் அதைப் பார்க்காமலும் இல்லை. தம் தளத்தை மட்டும் பார்க்கின்றனர். இன்னும் மலிவு வேண்டுவோர் அறை எண்ணே இல்லாத பதிவை எடுக்கின்றனர். அதில் அறையின் வகை மட்டுமே உறுதி. எண்ணைப் பயணம் நெருங்கும்போது கம்பெனி தன் விருப்பப்படி தரும். அந்த நாற்காலிகளுக்கடியில் உறங்குவோர் பெரும்பாலும் இவரே.

நூற்பா 4

ஏசுதற் கொருவன் இருப்பது பயனே.

இது தலைமைச் சூத்திரம். விலை ஒன்றாயின் ஏஜென்ட்டால் பயன் என்னையெனின், பொறுப்பு. கப்பல் கம்பெனியின் ஒப்பந்தப்படி கேப்டன் எந்தத் துறைமுகத்தையும் விட்டுவிட்டுப் போகலாம். நமக்குத் திரும்பக் கிடைப்பது அந்தத் துறைமுகக் கட்டணமே. 2022 ஜூனில் சென்னையிலிருந்து போன எம்பிரஸ் கப்பல் புதுச்சேரிக் கடல்வரை வந்தும் பயணிகளை இறக்க அனுமதி கிடைக்கவில்லை. அப்போது பூனைமரபினர் ஏஜென்ட்டுக்கு போன் போட்டுக் கத்தலாம். அவர் “பேசறேன் சார், பேசறேன் சார்” என்பார். ஒன்றும் நடக்காது. ஆனால் நெஞ்சு ஆறும். குரங்குமரபினர் கால் சென்டரின் இசையை முக்கால் மணி நேரம் கேட்பர். தம்மைத் தாமே ஏசிக்கொள்வது கடினமாதலின் அப்பணியை வீட்டார் ஏற்பர்.

இதன் மறுதலையும் உண்டு. ஏஜென்ட் வழி பதிந்தால், பெயரில் ஓர் எழுத்தைத் திருத்தவும் கம்பெனி நம்மோடு பேசாது. “உங்கள் ஏஜென்ட்டைக் கேளுங்கள்” என்றுவிடும். அவரோ அந்நேரம் குடும்பத்தோடு குலதெய்வக் கோயிலில் இருப்பார். கவ்விய பூனை வாய் திறக்கும்வரை குட்டிக்கு வழியில்லை.

இனி, தூய குரங்குமரபினர் உளரோ எனின், நம்மூரில் இலர். சிங்கப்பூரில் ஏறுவதற்கு விசா வேண்டும். சென்னையில் அதற்கு விண்ணப்பிப்பது அங்கீகரிக்கப்பட்ட விசா ஏஜென்ட் வழியாகத்தான். அல்லது சிங்கப்பூரில் நமக்காக விண்ணப்பிக்க ஓர் ஆள் வேண்டும். இப்படி ஒருவர் நமக்காகப் பரிந்து பேசுவதைப் புருஷகாரம் என்பர் வைணவர். இரு கலையாரும் ஒப்புக்கொண்டது அது.

நூற்பா 5 (புறனடை)

ஓசியிற் செல்வோர்க் கிவையெலாம் இலவே.

இது மேற்கூறிய விதிகளுக்கு அடங்காதாரை உணர்த்திற்று. 1844இல் பி அண்டு ஓ கம்பெனி ஆங்கில எழுத்தாளர் தாக்கரேயை மத்தியதரைக் கடல் பயணத்துக்குக் காசு வாங்காமல் அனுப்பியது. 1846இல் அவர் புத்தகம் வெளிவந்தது. 1867இல் மார்க் ட்வைன் குவேக்கர் சிட்டி கப்பலில் போனதற்கான 1,250 டாலரை ஒரு சான் பிரான்சிஸ்கோ நாளிதழ் கட்டியது. 1869இல் அவர் புத்தகமும் வெளிவந்தது. கடற்பயண இலக்கியத்தின் இரு தூண்களும் பூனையுமல்ல, குரங்குமல்ல. சொந்தக் காசில் போனவன் சாப்பாட்டு மேசையைப் படம் பிடிக்கிறான். பிறர் காசில் போனவன் நூல் எழுதுகிறான் என்பது இதனால் பெறப்படும். இவ்வுண்மையைக் கப்பல் கம்பெனிகள் கருத்தில் கொள்ளுமாயின், இந்நூலின் இரண்டாம் பாகம் விரைவில் வெளிவரும். நீச்சல் குளத்துக்குக் கீழே உள்ள அறையாயினும் ஆசிரியருக்கு ஆட்சேபணை இல்லை.