முழுகின ஊரில் போட்டிங்

விசாகப்பட்டினத்தில் கண்ணாடிக் கூரை போட்ட ரயில் பெட்டியில் ஏறி அரக்குப் பள்ளத்தாக்குக்குப் போகிறார்கள் நம்மவர்கள். வழியில் ஐம்பதுக்கு மேல் குகைப்பாதை. ஒவ்வொன்றிலும் பெட்டியே ஊளையிடும்.

ராத்திரி ரிசார்ட்டில் தீ மூட்டி, மூங்கில் குழாயில் வெந்த கோழியைக் கடித்துக்கொண்டே திம்சா ஆட்டம் பார்க்கலாம். ஒரே நிறத்தில் சேலை கட்டிய பழங்குடிப் பெண்கள் தோளைக் கோத்து ஆட, நடுவில் புகுந்து ஸ்டெப் போடுவார் நம்ம மாமா. இந்த மலையில் பழங்குடி அல்லாதவருக்கு நிலம் கைமாறக் கூடாதென்று 1970லேயே சட்டம் இருக்கிறது. அரசாங்கமே குத்தகைக்கு விட்டாலும் செல்லாதென்று 1997இல் சமதா வழக்கில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. சட்டம் பாட்டுக்குச் சட்டம், ரிசார்ட் பாட்டுக்கு ரிசார்ட். பினாமி என்றொரு புண்ணியவான் இருக்கும்போது என்ன கவலை?

மறுநாள் ஒடிசா எல்லையில் டுடுமா அருவி. 150 மீட்டருக்கு மேலிருந்து விழுகிறது மச்சகுண்ட் ஆறு. “என்னங்க, தண்ணி கம்மியா இருக்கு!” வேறெப்படி இருக்கும் சார்? மேலே ஜலாபுட்டில் அணை கட்டி, ஆற்றைத் திருப்பிவிட்டு 1955 முதல் கரண்ட் எடுக்கிறார்கள். மிச்சம் மீதிதான் உங்கள் செல்ஃபிக்கு. அந்தக் கரண்டையும் முதலில் ஆந்திரா எழுபது, ஒடிசா முப்பது என்று பங்கு போட்டுக்கொண்டார்கள். காட்டையும் வயலையும் பறிகொடுத்தவர்களின் பங்கு எத்தனை என்று யாரும் அதிகப்பிரசங்கித்தனமாகக் கேட்கவில்லை.

வியாழக்கிழமையானால் ஒனுக்காடெல்லி சந்தை. போண்டா இனப் பெண்கள் மலையிறங்கி வருவார்கள். பெயரைக் கேட்டதுமே டீக்கடை ஜோக் ஒன்று தயார். அடுத்து, மூக்குக்கு நேரே கேமரா. அந்தம்மா வந்தது சந்தைக்கு. இவர்கள் வந்தது அந்தம்மாவைப் பார்க்க.

அதற்கும் அப்பால் பாலிமேலா. “ஏரின்னா இது ஏரி! நடுநடுவே பச்சைப்பசேல்னு தீவு!” தீவு இல்லை ஐயா, அதெல்லாம் மலை. சிலேரு ஆற்றை அடைத்தபோது பள்ளத்தில் இருந்ததெல்லாம் முழுகிப்போக, 151 ஊர்கள் தண்ணீருக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டன. ‘கட்-ஆஃப் ஏரியா’ என்று பெயர் வைத்ததோடு கடமை முடிந்தது. இடுப்பு வலி வந்தவளும் பாம்பு கடித்தவனும் கரையில் உட்கார்ந்து லாஞ்சுக்குக் காத்திருக்க வேண்டியிருந்தது. லாஞ்சு வந்தது, வந்தபோது வந்தது. இவர்கள் மண்ணை முழுக வைத்து எடுத்த கரண்ட் எங்கெங்கோ ஏ.சி. ஓட்ட, இங்கே பல ஊர்களில் சிம்னி விளக்குதான் எரிந்தது. ஆற்றையே மறிக்கத் தெரிந்த அரசாங்கத்துக்கு 910 மீட்டர் பாலம் ஒன்றைத் திறக்க 2018 ஆகிவிட்டது. நாற்பது வருஷத்துக்கு மேல்! கேட்டால் மாவோயிஸ்ட் தொல்லையாம். டாக்டரும் வாத்தியாரும் வர வழியில்லாத ஊருக்குள் வேறு யார் வருவார்கள் என்று எதிர்பார்த்தீர்கள்?

இப்போது பாலமும் பார்க்க வேண்டிய இடமாகிவிட்டது. நட்டநடுவில் காரை நிறுத்தி ஃபோட்டோ எடுத்துக்கொண்டு, ஊர் திரும்புமுன் இணையத்தில் கருத்தும் எழுதிவிடுகிறார் ஒருவர்: “அருமையான இடம். ஆனால் ரெண்டு மணி நேரமாக டவரே கிடைக்கவில்லை. ஒரு ஆத்திர அவசரத்துக்கு மனுஷன் என்ன செய்வான்? அரசாங்கம் இதையெல்லாம் யோசிக்க வேண்டாமா?”