டிக்கியில் பொங்கிய மாவு

‘வாட்டர் சர்வீஸ்’ என்று தகரப் பலகை மாட்டியிருந்த காலத்தில் இந்தத் தொழில் எளிமையாக இருந்தது. வண்டியை மேடையில் ஏற்று, அடியில் தண்ணீரைப் பீய்ச்சு, டீசலைத் தெளி, துடைத்து அனுப்பு. சென்னையில் இப்போது தெருவுக்குத் தெரு டீட்டெய்லிங் ஸ்டுடியோ வந்துவிட்டது. கூரையில் அறுகோண எல்.இ.டி. விளக்குகள், சுவரில் செராமிக் கோட்டிங் விலைப் பட்டியல், வாடிக்கையாளர் உட்கார சோபா. அவர் காபியைக் குடித்துக்கொண்டே பானெட்டில் நுரை வழிவதை வீடியோ எடுக்கிறார். அந்த வீடியோவில் வராத ஆள் ஒருவர் உண்டு. டிரைவர் சீட்டுக்கு அடியில் தலையை நுழைத்து, கால் இரண்டையும் கதவுக்கு வெளியே நீட்டி, பழைய பல் பிரஷ்ஷால் எதையோ சுரண்டிக்கொண்டிருக்கிறார்.

சுரண்டப்படுவது, சீட் முன்னும் பின்னும் நகரும் தண்டவாளம். கார் தயாரிப்பாளர்கள் அதற்குத் தாராளமாக கிரீஸ் தடவி அனுப்புகிறார்கள். அந்த கிரீஸ்தான் வில்லன். குடும்பம் கொறித்தது, சிந்தியது, தொலைத்தது எல்லாம் அங்கே போய் ஒட்டிக்கொள்கிறது: உடைந்த முறுக்கு, உப்புக்கடலைத் தோல், கோயிலில் மடித்துக் கொடுத்த விபூதிப் பொட்டலம், ஹேர்பின், ஒரு ரூபாய்க் காசு, குழந்தை துப்பிய பிஸ்கட். வேக்குவம் குழாயின் வாய் அந்தச் சந்துக்குள் நுழையாது. கை நுழையும், ஆனால் முட்டி சிராய்க்காமல் வெளியே வராது. சீட்டைப் பின்னுக்குத் தள்ளி முன்பாதியைச் சுத்தம் செய்து நிமிர்ந்தால், பின்பாதி அப்படியே காத்திருக்கிறது. கார் பவர் சீட் வைத்ததாக இருந்தால் அந்தச் சீட் நகர்கிற வேகத்தில் ஒரு டீயே குடித்துவிடலாம்.

இவ்வளவையும் செய்து முடித்த பிறகு வண்டிக்காரர் அங்கே குனிந்து பார்ப்பாரா என்றால், மாட்டார். பானெட்டில் முகம் தெரிகிறதா என்று பார்ப்பார், தலைமுடியை ஒதுக்கிக்கொள்வார், பணத்தை அனுப்பிவிட்டுக் கிளம்புவார். டீட்டெய்லிங்கில் எந்த வேலை எரிச்சலூட்டும் என்பதற்கு இதுதான் அளவுகோல். அழுக்கு அதிகம் என்பதற்காக ஒரு வேலையை யாரும் வெறுப்பதில்லை. அரை நாள் உழைத்தும் யார் கண்ணிலும் படாத வேலையைத்தான் வெறுக்கிறார்கள்.

இந்த விதிக்கும் விலக்கு உண்டு. அது மாவு.

கடையில் ஆட்டிய இட்லி மாவை வாளியிலோ கவரிலோ வாங்கி டிக்கியில் வைத்துவிட்டு, வேகத்தடையில் பிரேக் பிடிக்க மறப்பது தமிழ்நாட்டில் தொன்றுதொட்டு நடந்துவருகிறது. கவிழ்ந்த மாவு டிக்கியின் கார்ப்பெட்டோடு நிற்பதில்லை. ஓரம் வழியாக இறங்கி, கீழே ஸ்டெப்னி வைக்கும் குழிக்குள் போய்த் தேங்குகிறது. மாவில் இருக்கும் லியூகோனோஸ்டாக் வகை பாக்டீரியாவுக்கு 30 டிகிரி வெப்பம் இருந்தாலே போதும். வெயிலில் நிறுத்திய காரின் மூடிய டிக்கி அதையும் தாண்டும். மறுநாள் திறந்து பார்த்தால் மாவு நன்றாகப் பொங்கியிருக்கும். வீட்டில் அப்படிப் பொங்காத மாவு, இங்கே மட்டும் எந்தக் குறையும் வைக்காது.

வண்டிக்காரர் முதலில் தானே முயன்று பார்க்கிறார். ஈரத்துணியால் மேலே துடைக்கிறார். பிறகு மல்லிகை வாசனைப் புட்டி ஒன்றை ஏசி வென்ட்டில் மாட்டுகிறார். இரண்டு நாளில் மல்லிகைப்பூ வைத்த புளித்த மாவு என்று புதியதொரு வாசனை பிறக்கிறது. அதற்குப் பிறகுதான் கடைக்கு வருகிறார்.

“தம்பி, உள்ள லேசா ஒரு ஸ்மெல் வருது. சும்மா ஒரு துடை துடைச்சா போதும்.”

“என்ன கொட்டுச்சு சார்?”

“ஒண்ணும் கொட்டலியே.”

டிக்கி கார்ப்பெட்டைத் தூக்கியதும் உண்மை தெரிந்துவிடுகிறது. ஸ்டெப்னி, ஜாக்கி, ஸ்பேனர் என்று ஒவ்வொன்றாக வெளியே எடுக்க வேண்டும். ஜாக்கியின் மரைக்குள் காய்ந்த மாவு சிமென்ட்டாக இறுகியிருக்கும். கார்ப்பெட்டுக்கு அடியில் இருக்கும் பஞ்சுப் படலம் மாவை முழுக்க உறிஞ்சியிருந்தால், அதைக் கழற்றி, என்சைம் கலந்த கரைசலில் ஊறவைத்து, அலசி, வெயிலில் முழுக்க உலர்த்தியாக வேண்டும். ஈரம் மிச்சமிருந்தால் அடுத்த வாரமே பூஞ்சை கிளம்பும். வாசனை ஸ்பிரே எதுவும் இந்த வேலையைச் செய்யாது. நாற்றத்தின் மூலப்பொருளை எடுக்காமல் மேலே மணம் பூசுவது சீட்டுக்குத்தான் அலங்காரம், மூக்குக்கு அல்ல.

கருவாட்டுக் கதை இதைவிடச் சுருக்கமானது. மீன் நாற்றத்துக்குக் காரணமான டிரைமெத்தில் அமீன் ஒரு காரப்பொருள். அமிலம் பட்டால் அடங்கும். மீனைப் புளித்தண்ணீரில் அலசும் பாட்டிக்கு இது எப்போதோ தெரியும். ராமேஸ்வரத்திலிருந்து கருவாடு வாங்கி வந்த காரை வினிகர் கலந்த நீரால் துடைக்கும் பையனும் அதைத்தான் செய்கிறான். பாட்டிக்குக் குழம்பாவது கிடைத்தது.

சாம்பார் கறைக்கு இவ்வளவு நாற்றம் இல்லை. துரோகம் மட்டும் உண்டு. வெளிர்நிறச் சீட்டில் சாம்பார் சிந்தியதும் வீட்டுக்காரர் சோப்பை எடுத்துத் தேய்க்கிறார். மஞ்சளாக இருந்த கறை சிவப்பாகிறது. அவர் பதறிப்போய் இன்னும் கொஞ்சம் சோப்புப் போடுகிறார். அது இன்னும் சிவக்கிறது. மஞ்சளில் உள்ள குர்குமின் காரத்தில் சிவக்கும் குணமுடையது. புதுக் கார் வாங்கிய அன்று மஞ்சளில் சுண்ணாம்பைக் கலந்து கரைத்த ஆரத்தி சிவந்ததும் இதே வேதியியலால்தான். அன்று வெளியே சுற்றியது, இன்று சீட்டில் குடியேறியிருக்கிறது. குர்குமினுக்குச் சூரிய ஒளி ஆகாது, வெளுத்துவிடும். எனவே கழற்ற முடிகிற சீட் கவராக இருந்தால் மொட்டை மாடிக் கொடியில் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கலாம். கழற்ற முடியாத சீட் என்றால் அந்த நிம்மதியும் இல்லை.

வெளிப்புற வேலைகளில் கண்ணுக்கு அழகானதும் மூக்குக்குக் கொடுமையானதும் வீல் சுத்தம். பிரேக் பிடிக்கும்போது உதிரும் இரும்புத் துகள்கள் அலாய் வீலில் பதிந்துவிடும். அதைக் கரைக்கத் தெளிக்கும் திரவம் இரும்போடு வினைபுரிந்து ஊதா நிறத்தில் வழியும். இணையத்தில் ஓடும் டீட்டெய்லிங் வீடியோக்களில் பாதி இந்த ஊதாவை நம்பித்தான் இருக்கின்றன. ஆனால் அந்தத் திரவத்தில் இருப்பது தயோகிளைகோலேட். முடி நீக்கும் கிரீமிலும், முடியைச் சுருட்டும் லோஷனிலும் இருக்கிற குடும்பம். அழுகிய முட்டை நாற்றம். வீடியோவுக்கு வாசனை கிடையாது என்பது இத்தொழிலின் பெரும் பாக்கியம்.

பிறகு பாலிஷ். காரின் மேலே இருக்கும் நிறமற்ற கிளியர் கோட் பொதுவாக 40, 50 மைக்ரான் தடிமன்தான்; தலைமுடி ஒன்றின் தடிமனைவிடக் குறைவு. அடுக்குமாடியில் தினம் காலையில் ஒரே வாளி, ஒரே துணியோடு வரிசையாகக் கார்களைத் துடைக்கிறவரின் துணியில் சிக்கிய மண், அதில் வட்டவட்டமாகக் கீறல் போடுகிறது. (அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. காருக்கு ஒரு வாளி சுத்தத் தண்ணீர் கேட்டால் அசோசியேஷன் கூட்டம் போட்டுவிடும்.) போர் தண்ணீராக இருந்தால் காய்ந்த துளிகளில் சுண்ணாம்புப் புள்ளியும் சேரும். குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணயம் வைத்திருக்கும் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம். வேறு வழியே இல்லையென்றால் 600 வரை. காருக்கு அப்படி எல்லை எதையும் யாரும் வகுக்கவில்லை. வெள்ளைக் காரில் இதெல்லாம் கண்ணில் படாது. கறுப்புக் காரை ஆசைப்பட்டு வாங்குகிறவர் ஒருவர், மெஷினைப் பிடித்தபடி அங்குலம் அங்குலமாக அந்தப் பாவத்தைக் கழிக்கிறவர் வேறொருவர். அவர் காதுக்குள்ளிருந்து பாலிஷ் தூள் வெளியே வர மறுநாள் ஆகும்.

சட்டமும் அவ்வப்போது வேலை கொடுக்கும். கறுப்பு சன் ஃபிலிம் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2012 ஏப்ரல் 27 அன்று தீர்ப்புச் சொன்னதும் ஊரெல்லாம் ஃபிலிமை உரித்தது. ஃபிலிம் வந்துவிடும், பசை வராது. அதிலும் பின்கண்ணாடியின் உள்பக்கம் பனி நீக்கும் மின்கம்பிக் கோடுகள் உண்டு. பிளேடு போட்டால் கோடும் சேர்ந்து போய்விடும். சூடு காட்டி, ஊறவைத்து, நகத்தால் உருட்டி உருட்டி எடுக்க வேண்டும். பொறுமையிழந்து பிளேடு போட்டவர் பிழைத்துக்கொள்வார், வண்டிக்காரர் மார்கழியில் ஊட்டிக்குப் போகாதவரை. தனியார் வண்டிகளில் ‘பிரஸ்’, ‘போலீஸ்’ ஸ்டிக்கர்களுக்கு 2024 மே மாதம் முதல் அபராதம் என்று சென்னைப் போக்குவரத்துக் காவல்துறை அறிவித்தபோதும் இதே கதை. ஸ்டிக்கர் போனாலும் வெயில் படாத அந்த இடத்தில் பெயின்ட் பளிச்சென்று இருக்கும். ‘பிரஸ்’ என்று இன்னும் படிக்கலாம்.

வெள்ளத்தில் மூழ்கிய கார் தனி ரகம். 2015, 2023 டிசம்பர்களைத் தொழிலில் இருக்கும் எவரும் மறக்க மாட்டார்கள். பேட்டரியைக் கழற்றி, சீட்டுக்கு அடியில் ஏர்பேக்கின் மஞ்சள் கனெக்டர்களைப் பார்த்துப் பார்த்துப் பிரித்து, சீட்டையெல்லாம் இறக்கி, முழுக் கார்ப்பெட்டையும் உருவ வேண்டும். அதன் அடியில் கூவமும் ஏரியும் கலந்த சேறு. 2024 அக்டோபரில் மழை எச்சரிக்கை வந்தவுடன் வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசையாகக் காரை நிறுத்தியவர்களைப் பலர் கேலி செய்தார்கள். அந்தக் கார்ப்பெட்டை உருவியவர்கள் கேலி செய்திருக்க மாட்டார்கள்.

இவ்வளவுக்கும் மேலே முதல் பரிசு எதற்கு என்று கேட்டால், முன்கண்ணாடியின் உள்பக்கத்துக்கே கொடுக்க வேண்டும். நாற்றமில்லை, சேறில்லை. வெயிலில் சூடாகும் டாஷ்போர்டு பிளாஸ்டிக்கிலிருந்து கிளம்பும் ஆவி கண்ணாடியில் மெல்லிய எண்ணெய்ப் படலமாகப் படிகிறது. கண்ணாடி டாஷ்போர்டின் மேல் சாய்ந்து இறங்கும் அந்த மூலைக்கு மனித மணிக்கட்டைப் படைக்கவில்லை. புறங்கையை மடக்கி, பக்கத்து சீட்டில் பாதி படுத்து, ஒரு துணியால் துடைத்து மறு துணியால் உலர்த்தினால் பகலில் அப்பழுக்கில்லாமல் தெரியும். துடைத்த கோடு இரவில்தான் தெரியும். ஆகவே கெட்டிக்காரக் கடைகளில் ஒரு வழக்கம் உண்டு: வெளிப்பக்கத்தை மேலிருந்து கீழாகவும் உள்பக்கத்தைப் பக்கவாட்டிலும் துடைப்பார்கள். இரவு ஒன்பது மணிக்கு ஜி.எஸ்.டி. சாலையிலிருந்து போன் வரும்.

“தம்பி, எதிர் வண்டி லைட் பட்டா கண்ணாடியெல்லாம் கோடு கோடா தெரியுதுப்பா.”

“கோடு நெட்டுக்கா சார், படுக்கையா?”

“படுக்கையா.”

“அப்ப உள்பக்கம் சார்,” என்று சொல்லும்போதே அந்தப் பையனின் மணிக்கட்டு வலிக்க ஆரம்பித்துவிடும். “காலையில கொண்டாங்க.”