கூடைக்குள் அகப்படாத நூறு கிராம்

மதிப்புக்குரிய தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களத்தாருக்கு,

கொட்டாஞ்சேனையிலிருந்து எழுதிக்கொள்வது. நீங்கள் மாதாமாதம் வெளியிடும் ‘கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்’ணில் வரும் நுகர்வோர் நான்தான் என்று இவ்வளவு காலமும் நம்பியிருந்தேன். அண்மையில்தான் அந்தச் சுட்டெண்ணைக் கணக்கிடும் உங்கள் பொருட்கூடைக்குள் எட்டிப் பார்த்தேன். 2021ஐ அடிப்படையாக வைத்த கணக்கில், நூறு ரூபா செலவழித்தால் சாப்பாட்டுக்குப் போவது ஏறக்குறைய 26 ரூபாவாம். மிச்சம் 74ஐ நாங்கள் எங்கே வைத்தோம் என்று தெரிவித்தால் உபகாரமாயிருக்கும். வீடு முழுக்கத் தேடிவிட்டோம்.

விசாரித்ததில் விஷயம் விளங்கியது. ஏசி ஓடுகிற வெள்ளவத்தைத் தொடர்மாடி வீடும், ஒற்றை அறையில் ஐந்து பேர் படுக்கிற எங்கள் வீடும் ஒரே கூடைக்குள் கிடக்கின்றன. கூடுதலாகச் செலவழிப்பவர் பக்கமே தராசு சாயும். லண்டன் காசு வருகிற வீட்டின் கரண்ட் பில் என் சோற்றுப் பங்கைச் சுருக்கிவிட்டது. அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. வெள்ளவத்தையில்தான் ஒரு புடைவைக் கடையில் அவர்களுக்குச் சேலை விரித்துக் காட்டுகிறேன்.

மாலையில் எங்கள் ஒழுங்கைக் கடைக்கு ஓர் உத்தியோகத்தரை அனுப்புங்கள். பருப்பு நூறு கிராம், சீனி நூறு கிராம், தேங்காய் பாதி. பால்மாவை முதலாளி 400 கிராம் பக்கெட்டிலிருந்து எட்டாகப் பிரித்துப் பொலித்தீனில் முடிந்து வைத்திருப்பார். எட்டு முடிச்சின் விலையைக் கூட்டினால் முழுப் பக்கெட்டின் விலையைத் தாண்டும். அவரைக் குறை சொல்லேன், கடன் கொடுப்பவர் அவர் ஒருவர்தான். பக்கெட் விலையைக் குறித்துக்கொண்டு போகிறவருக்கு முடிச்சு விலை எப்படித் தெரியும்?

2022 செப்டெம்பரில் பணவீக்கம் 69.8 வீதம் என்றீர்கள். எங்கள் வயிறும் அதையேதான் சொன்னது. 2024 செப்டெம்பரில் மறை 0.5, 2025 பெப்ரவரியில் மறை 4.2 என்றீர்கள். வெடி கொளுத்தலாமா என்று யோசித்தோம். நூறு ரூபாச் சாமான் ஒரே வருடத்தில் 170க்கு ஏறி, அங்கேயே காலை நீட்டி உட்கார்ந்துகொண்டாலும் பணவீக்கம் விழுந்துவிட்டது என்றுதான் பெயராம். மழை விட்டது உண்மைதான் ஐயா. வெள்ளம் இன்னும் கட்டில் காலளவு நிற்கிறது.

அடுத்த தடவை கூடை பின்னும்போது அந்த முடிச்சுக்கும் ஒரு வரி ஒதுக்குங்கள். உத்தியோகத்தரைச் சம்பளத்துக்கு முந்திய கிழமையில் அனுப்புவது நல்லது. முதலாளியிடம் கடன் கொப்பியைக் கேட்கச் சொல்லுங்கள். என்னுடையது பதினான்காம் பக்கம்.

இப்படிக்கு,
சராசரிக்குள் அடங்காத
ஒரு கொழும்பு நுகர்வோர்