முப்பரிமாண வரைபடத்தில் ஆழத்தின் நிலை: ஓர் ஆய்வு

ஸ்லைடில் நிற்கும் முப்பரிமாணத் தூணுக்கு உயரம், அகலம், ஆழம் என மூன்று குணங்கள். உயரம் விற்பனையைச் சொல்லும். அகலம் எல்லாத் தூணுக்கும் ஒன்றே. ஆழம் எதைச் சொல்கிறது என்ற வினாவுக்கோ, மீட்டிங்கில் பிஸ்கெட் தீரும்வரை காத்திருந்தும் விடை கிட்டவில்லை. ‘கொஞ்சம் எடுப்பா இருக்கட்டுமே’ என்னும் மேலாளரின் திருவாக்கிலிருந்தே ஆழம் தோன்றுகிறது என்பது இவ்வாய்வாளரின் துணிபு.

1786-இல் பட்டை வரைபடத்தை அச்சிட்ட வில்லியம் பிளேஃபேர் அதைத் தட்டையாகவே விட்டார். பாவம், அவருக்கு மேலாளர் வாய்க்கவில்லை போலும்.

வட்ட வரைபடத்தைச் சாய்த்தால் நிகழ்வது பந்தி நியாயம்: முன்னால் உட்கார்ந்தவர் இலையில்தான் வடை பெரிது. சான்று, 2008 மேக்வேர்ல்ட் மேடை. ஸ்டீவ் ஜாப்ஸ் காட்டிய சாய்ந்த வட்டத்தில் ஐபோனின் 19.5 சதவீதச் சந்தைப் பங்கு முன்பக்கம் வீற்றிருந்தது. பின்னால் கிடந்த ‘இதர’ 21.2 சதவீதம் அதைவிடச் சிறுத்துத் தெரிந்தது. எண்களில் பொய்யில்லை, சாய்வு பார்த்துக்கொண்டது.

தூணின் கதை இன்னும் நுட்பமானது. பவர்பாயிண்ட் தூணை எக்ஸ் சுழற்சி 20, ஒய் சுழற்சி 15 பாகை என்ற கணக்கில் திருப்பி நிறுத்துகிறது. கோடுகள் வரையப்பட்டிருப்பது பின்சுவரில். தூண் நிற்பதோ சுவரை விட்டுச் சற்று முன்னால். ஆகவே 50 விற்றவரின் தூண் 50-ஆம் கோட்டுக்குக் கீழேயே நின்றுவிடுகிறது. இன்கிரிமென்ட் நேரத்தில் இந்த இடைவெளியின் வலி தெரியும். இரண்டு வரிசைத் தூண்கள் என்றால் கேட்கவே வேண்டாம். முன்னால் நிற்கும் சென்னைக் கிளைக்குப் பின்னால் மதுரைக் கிளை அடியோடு காணாமல் போகும்.

சிகிச்சை உண்டு. குட்டையானவரை முன்னே நிறுத்துக. தூணின் தலையில் எண்ணை எழுதுக. பாதி வழக்கு அங்கேயே தீரும். அச்சுகளைச் செங்கோணத்தில் நிறுத்தும் ‘ரைட் ஆங்கிள் ஆக்சஸ்’ கட்டத்தில் டிக் இருக்கிறதா என்று பார்க்க. 150-இல் கிடக்கும் ‘கேப் டெப்த்’தைப் பூஜ்யமாக்கினால் தூண் சுவரோடு ஒட்டும். பிறகு ஒய் சுழற்சியை 15-இலிருந்து 10, 5 எனக் குறைக்கக் குறைக்க வாசிப்பு தெளியும். எக்ஸ், ஒய் இரண்டும் பூஜ்யத்தை எட்டும் கணத்தில் முப்பரிமாண வரைபடம் பூரணத் தெளிவு பெறுகிறது. மேலாளர் ஆட்சேபித்தால் மெனுவைத் திறந்து காட்டலாம். அதில் இன்னமும் 3டி என்றுதான் இருக்கும்.