தாத்தாக்கள் விஷயமாக ஒரு விண்ணப்பம்

மகாகனம் பொருந்திய ஐயெல்ட்ஸ் பரீட்சை அதிகாரிகள் சமுகத்துக்கு,

1989-ஆம் வருஷம் முதல், கடல் கடந்து படிக்கவும் பிழைக்கவும் புறப்படுகிறவர்களின் ஆங்கிலத்தை நிறுத்துப் பார்த்து, அரைப் புள்ளி சுத்தமாக மதிப்புச் சொல்லிவரும் தங்களுக்கு, அந்தப் பரீட்சைக்கு ஒருபோதும் உட்கார்ந்திராத, இனி உட்காரும் உத்தேசமும் இல்லாத நாகர்கோவில் கிழவன் ஒருவன் வந்தனத்தோடு எழுதிக்கொள்வது.

எங்கள் பக்கத்தில் நர்ஸ் வேலை பார்க்கும் பெண்கள் அநேகர். இரவு முழுவதும் ஒரு வார்டைத் தனியே கட்டியாளும் பெண், தங்கள் வாசல் வழியாகப் பிரிட்டனுக்குப் போய் அதே வேலையைப் பார்ப்பதானால், பேச்சில் 7 வாங்கியாக வேண்டும் என்பது அந்நாட்டு நர்ஸிங் கவுன்சிலின் விதி. பேச்சுப் பரீட்சை மொத்தம் 11 முதல் 14 நிமிஷம். நடுவே, பேசவேண்டிய விஷயம் அச்சிட்ட ஒரு கியூ கார்டு, யோசிக்க 1 நிமிஷம், குறித்துக்கொள்ளப் பென்சிலும் காகிதமும், அதன்பின் 2 நிமிஷம் வரை பிரசங்கம். வகுப்பில் வாய் திறந்தால் பெஞ்சின்மேல் ஏற்றி நிறுத்தும் பள்ளிக்கூடங்களில் பன்னிரண்டு வருஷம் மௌனத்தைச் சாங்கோபாங்கமாகக் கற்றுத் தேறியவர்களை, முன்பின் அறியாத ஒருவர் எதிரே, ஒலிப்பதிவுக் கருவி ஓடிக்கொண்டிருக்க, தாம் போற்றும் முதியவர் ஒருவரை வருணிக்கச் சொல்லும் தங்கள் தைரியம் மெச்சத்தக்கதே.

தாங்கள் மதிப்பிடும் அம்சங்கள் நான்கு: சரளமும் கோவையும், சொல்வளம், இலக்கணம், உச்சரிப்பு. சொல்வது மெய்யா என்பது அந்த நான்கில் இல்லை. இந்தச் சூட்சுமத்தை அறிந்த கோச்சிங் சென்டர் ஆசிரியர், தான் பிறக்குமுன்பே தாத்தா காலமாகிவிட்டார் என்று கண் கலங்கிய பெண்ணிடம், "அதனாலென்ன அம்மா, ஒருவரை உண்டாக்கிக்கொள்" என்று அபயம் அளிக்கிறார். அப்படி உண்டாகும் தாத்தாவுக்குக் கொடைக்கானலில் பங்களாவும், ரோஜாத் தோட்டமும், வயலின் ஞானமும் வாய்த்துவிடுகின்றன. ரேஷன் கடை வரிசையில் நின்ற தாத்தாவை வைத்துக்கொண்டு உயர்ந்த சொற்களைப் பிரயோகிக்க முடியாதல்லவா? வகுப்பிலுள்ள அத்தனை பேருக்கும் அவரே தாத்தா. மனப்பாடம் என்று தெரிந்தால் மார்க்குப் போய்விடுமாகையால், பெண்ணுக்குப் பெண் வயலினை மட்டும் வீணையாகவோ புல்லாங்குழலாகவோ மாற்றிவிடுகிறார்கள்.

இதைவிட நுட்பமானது தயக்கத்தைப் பற்றிய தங்கள் சித்தாந்தம். சொல்லைத் தேடித் தயங்கினால் குறையாம்; கருத்தைத் தேடித் தயங்கினால், 9 வாங்குகிறவருக்குக்கூட அது தகுமாம். இரண்டையும் பிரித்தறிய அந்தராத்மாவுக்குள் புகுந்து பார்க்கும் சித்தி தங்கள் பரீட்சகர்களுக்கு எப்படியோ கைவந்திருக்கிறது. எங்கள் பெண்களும் சளைத்தவர்கள் அல்லர்: இறந்தகால வினை அகப்படாமல் திண்டாடும்போதெல்லாம் தத்துவ விசாரத்தில் ஆழ்ந்தவர்கள்போல் மேற்கூரையைப் பார்த்து, "தட்ஸ் ஆன் இன்ட்ரஸ்டிங் கொஸ்டின்" என்று மெல்லச் சொல்லப் பழகிவிட்டார்கள்.

பரீட்சையை எளிதாக்கும்படி அடியேன் கேட்கவில்லை. கியூ கார்டின் அடியில், "இல்லாத தாத்தாவுக்கும் அநுமதி உண்டு" என்று ஒரு வரி அச்சிட்டு அருள வேண்டும். இந்தப் பெண்களில் பலர் ஞாயிறு தவறாமல் கோவிலுக்குப் போகிறவர்கள். பாவசங்கீர்த்தனத்தில் கொடைக்கானல் பங்களாவைப் பற்றி எங்கள் பாதிரியார் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டார்.

இப்படிக்கு,
பணிவுள்ள ஊழியன்